சிரிப்பு நல்லதுதான், ஆனால் இந்தத் தவறுகள் வேண்டாம்

"வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்பதை நம்பி யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மனப்பாரம் குறையும், உடம்பின் இறுக்கம் தளரும். அதற்குமேல் சிரிப்பின் தலையில் ஏற்றிவைப்பது ஆபத்து.

ராத்திரி போனும் கையுமாகத் தனியே சிரித்தாலே போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது நாம் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன் கண்டறிந்தார். பொது இடங்களில் மக்கள் பேசுவதைக் கவனித்தபோது, பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்கு வரவில்லை. "சரி, அப்புறம் பார்க்கலாம்" போன்ற சாதாரணப் பேச்சுக்குத்தான் வந்தது. ஜோக் சொல்லத் தெரியாதே என்று ஒதுங்கி உட்காருபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது: பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே போதும், சிரிப்பு தானாக வரும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஒருவரை மட்டம்தட்டிக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பது. மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995-இல் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு சிரிப்பு மன்றம் தொடங்கினார். முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாட்களில் நல்ல ஜோக்குகள் தீர்ந்து, மனம் நோகும்படியானவை வர ஆரம்பித்தன. ஆட்கள் முகம் சுளிக்கவே, அவர் ஜோக்கையே விட்டுவிட்டு, காரணமில்லாமல் சிரிக்கும் பயிற்சிக்கு மாறினார். இன்றைய சிரிப்பு யோகா அப்படி வந்ததுதான்.

நம் வீட்டு விசேஷங்களிலும் இப்படி மட்டம்தட்டிச் சிரிக்கவைப்பது நடக்கிறது. பத்தாவது படிக்கும் பெண்ணிடம், "இன்னொரு இட்லி வைக்கட்டுமா, இல்ல அண்டாவையே கொண்டுவரட்டுமா?" என்பார் ஒரு மாமா. பந்தியே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், ஆனால் கை இலையில் அப்படியே நின்றுவிடும். "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்பது அங்கே செல்லாது. பக்கத்தில் இருப்பவர் உடனே பேச்சை மாற்ற வேண்டும்.

வயிற்றில் ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனால், விழுந்து விழுந்து சிரிக்கவைக்காதீர்கள், தையல் வலிக்கும். ஆஸ்துமா உள்ள சிலருக்குப் பலத்த சிரிப்பே இழுப்பைக் கிளப்பும்.

சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று, பிரசவத்துக்குப் பிறகு பல பெண்கள் கூட்டத்தில் சிரிப்பதையே அடக்கிக்கொள்கிறார்கள். வெட்கப்பட வேண்டாம். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியில் பலருக்கு இது குறைந்துவிடும். மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டால் சொல்லித் தருவார்கள்.