கமார்க் குதிரையும் மேய்ப்பரும்: வாட்டர்கலரில் வரைந்து பழகலாம்

தெற்கு பிரான்சில் ரோன் ஆறு கடலில் கலக்கும் சதுப்பு நிலம்தான் கமார்க். அங்கே வெள்ளைக் குதிரைகள் மந்தை மந்தையாக, பாதிக் காட்டு வாழ்க்கை வாழ்கின்றன. கார்தியான் எனப்படும் மேய்ப்பர்கள் அவற்றில் ஏறித்தான் கறுப்பு மாடுகளை மேய்க்கிறார்கள். காட்டுயிர் ஓவியத்தில் மனிதரைச் சேர்க்கத் தயங்குபவர்களுக்கு இது நல்ல பாடம். சேணமில்லாத ஒரு குதிரை, பக்கத்தில் மேய்ப்பர். இவ்வளவுதான் படம்.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள், எச்பி பென்சில், இரண்டு தூரிகைகள், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பு. வெள்ளை வண்ணம் வேண்டாம்.

படி 1: அளவு

கமார்க் குதிரை சிறியது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு, தரையிலிருந்து சுமார் 135 முதல் 150 செ.மீ. உயரம். மேய்ப்பரின் தோள் அந்த மேட்டுக்கு நேராக வந்தால் சரி. பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருப்பது முழங்கால் இல்லை, நம் குதிகாலுக்குச் சமமான மூட்டு. இது பிடிபட்டால் கால் கோணலாக வராது. இங்கிலாந்து ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 18 மாதங்கள் இறந்த குதிரைகளை அறுத்துப் பார்த்துதான் 1766இல் குதிரை உடற்கூறு நூலை வெளியிட்டார்.

நேரில் பார்த்துப் பழக ஆசையா? கோடியக்கரை சரணாலயத்தில் திரியும் குதிரைகளைத் தூரத்தில் நின்று கோட்டுப்படமாகப் போட்டுப் பாருங்கள்.

படி 2: ஆள் நிற்கும் இடம்

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடம் அதற்குத் தெரியாது. பழகியவர் அங்கே போய் நிற்க மாட்டார். தோளருகே நிறுத்தி, உள்ளங்கையைப் பிடரி மயிருக்குக் கீழே கழுத்தில் வையுங்கள்.

படி 3: காது

இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு காதும் முன்னால் விறைத்தால் குதிரை தூரத்தில் எதையோ கவனிக்கிறது. பின்னால் ஒட்டிப் படிந்தால் கோபம். ஒரு காதை முன்னால் விட்டு, இன்னொன்றை மட்டும் மேய்ப்பர் பக்கம் திருப்புங்கள். நான் முதலில் கழுத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல வரைந்தேன், நெருக்கமே தெரியவில்லை. கையை இறக்கி, ஒரு காதைத் திருப்பியதும் குதிரை அவர் பேச்சைக் கேட்பதுபோல ஆகிவிட்டது.

படி 4: வண்ணம்

உடம்பின் வெள்ளைக்குத் தாளையே விட்டுவிடுங்கள். நீலத்தில் துளி சியன்னா கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு, வயிறு, தாடை, கழுத்தின் அடிப்பக்கம் மட்டும் நிழல் போடுங்கள். இரண்டையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்கு அருகில் வரும். மூக்கு, கண்ணோரம் இரண்டுக்கும் அதுதான். வெள்ளை மயிருக்கு அடியில் தோல் கறுப்பு. கண்ணில் ஊசிமுனை அளவு தாள் தெரியட்டும்.

விரல்கள் கழுத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய நிழல்கோடு ஒன்று இழுங்கள். அது இல்லையென்றால் கை காற்றில் மிதக்கும். அப்புறம் விரலிடுக்கில் இரண்டு மயிர்க்கற்றைகள்.

வெள்ளை எடுபடவில்லையா? பக்கத்தில் ஒரு குட்டியைச் சேருங்கள். கமார்க் குட்டிகள் கரும்பழுப்பாகப் பிறந்து, சில வருடங்களில்தான் வெளுக்கும்.

நன்றாகக் காய்ந்தபின் பென்சில் கோடுகளை அழியுங்கள். திரும்பிய அந்தக் காதின் கோடு மட்டும் இருக்கட்டும்.