தூர்வாருவதற்கு முன்: சேலத்து ஊர்க்குழுக்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

சேலம் பகுதியில் ஏரியைக் காக்கப் புறப்படும் ஊர்க்குழுக்கள் பலவும் முதலில் பேசி முடிப்பது பொக்லைன் வாடகையைத்தான். வரத்துக் கால்வாயை மலையடிவாரம் வரை நடந்து பார்க்க எவரும் முன்வருவதில்லை. அடிப்படைப் பிழை அங்கேயே தொடங்குகிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் போன்ற ஏரிகளுக்குச் சேர்வராயன் மலைச்சரிவில் பெய்யும் மழையே ஆதாரம். இடையில் கால்வாய் மனைகளாகி, வீட்டுக் கழிவுநீர் மட்டும் வந்து சேருமானால், எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அங்கு ஆகாயத்தாமரைதான் செழிக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தை (நிலங்களின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடத்தை) வைத்துக் கால்வாயின் பழைய அகலத்தைச் சரிபார்ப்பதற்கு ஒரு நாள் போதும். ஆக்கிரமிப்பை அகற்றக் கோரும் மனுவுக்கும் அதுவே வலிமை தரும்.

தூர்வாருவதிலும் ஆர்வம் அளவு மீறிவிடுகிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்குப் பாயாது என்பதையும், கரையின் அடியை ஒட்டி மண்ணெடுத்தால் கரையே சரியும் என்பதையும் பாசனம் செய்யும் முதியவர்கள் நன்கு அறிவார்கள். குழுவில் அவர்களுக்கு இடமிருப்பதுதான் அரிது. அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 2010 வாக்கில் மூக்கனேரியைச் சீரமைத்தவர்கள் அம்மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். அந்த முறை எல்லா ஏரிக்கும் பொருந்தாது. சிறிய பாசன ஏரியில் திட்டுகள் கொள்ளளவைத் தின்றுவிடும். வயலுக்கு வண்டல் கொண்டுசெல்வதே அங்கு ஏற்றது, அதற்கும் அனுமதி தேவை.

அனுமதி கேட்கும் இடத்தில் குழப்பம் வருவதுண்டு. பொதுவாக, ஆயக்கட்டு, அதாவது ஏரிநீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன.

மரம் நடுவதற்கு உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 ஆம் தேதியையே தேர்ந்தெடுப்பது புகைப்படத்துக்கு நல்லது, கன்றுக்கு அல்ல. இங்கே நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில்தான் கிடைக்கிறது. ஆடி கழிந்து நட்டு, ஆடு கடிக்காமல் முள்வேலி கட்டி, அடுத்த இரு கோடைகளுக்கும் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று எழுதி வைத்த பிறகே குழி வெட்ட வேண்டும். மண்கரையின் மீது பெருமரம் நடுவதும் தவறே, ஏனெனில் பட்டுப்போன வேரின் தடத்தில் நீர் கசியும். மலைச்சரிவில் புதராகப் பரவும் களையான உண்ணிச்செடியைத் தீயிட்டு அழிக்க முனைவது இன்னும் மோசமானது. தீ கட்டுமீறிக் காட்டுக்குள் பரவும், அடிக்கட்டையிலிருந்து செடியோ மீண்டும் துளிர்க்கும்.

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த மீன்பாசி குத்தகைதாரரைக் கலக்காமல் வேலையைத் தொடங்குவதால் வரும் சண்டைகளும் உண்டு. மீன் பிடிக்க அவருக்கு நீர் வடிய வேண்டும், கடைசித் தண்ணீருக்குக் காத்திருக்கும் உழவருக்கோ நீர் நிற்க வேண்டும். ஆகவே மதகை எப்போது, யார் திறப்பது என்பதை ஏலத்துக்கு முன்பே கிராமசபையில் தீர்மானமாக எழுதிவிடுவது நல்லது.