இருப்பெடுக்கும் முன் கேளுங்கள்: இந்தச் சரக்கு யாருடையது?

மார்ச் 31 வந்தால் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளில் இருப்பெடுப்பு மும்முரமாக நடக்கும். ஒருவர் எண்ணிச் சொல்வார், ஒருவர் நோட்டில் எழுதுவார். நான் கணக்கு எழுத வந்த முதல் வருடம், டிரம்மில் கிடந்தது, ஈரத்தோடு அடுக்கியிருந்தது, காயப்போட்டது என்று கண்ணில் பட்ட தோலையெல்லாம் எழுதிவிட்டேன். ஆடிட்டர், சரக்கோடு வரும் டெலிவரி சலான்களைக் கேட்டார். எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குப் பதப்படுத்திக் கொடுக்க, அடுத்தவர் அனுப்பிய தோல். தோலின் ஓரத்தில் குத்தியிருந்த அடையாள ஓட்டைகூட வேறு வேறாக இருந்தது. எங்கள் முதலாளிக்கு அதில் கூலி மட்டும்தான். பக்கத்து அறையில் மூட்டையாக இருந்த, தோல் பதனிடும் குரோமும் சாயமும் எங்களுடையவை. அவற்றை நான் எண்ணவே இல்லை.

இந்தத் தவறு சின்னதில்லை. இறுதி இருப்பில் 5 லட்சம் கூடினால் லாபமும் 5 லட்சம் கூடும், அதற்கு வரியும் கட்ட வேண்டும். அதே இருப்பு அடுத்த வருடத்துக்கு ஆரம்ப இருப்பாகப் போய் அந்த வருட லாபத்தைக் குறைத்துவிடும். வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலும் அதே எண் ஏறினால், அடுத்தவர் சரக்கைக் காட்டிக் கடன் எடுத்ததாக ஆகிவிடும்.

இதற்கு நேரெதிரான தவறை ஆரணியிலும் குடியாத்தத்திலும் பார்க்கலாம். பட்டுக்கும் லுங்கிக்கும் பாவு, ஊடை, சரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார், நெசவாளர் வீட்டுத் தறியில் துணி ஓடும். குடோன் காலியாக இருக்கிறது என்று இருப்பைக் குறைவாக எழுதிவிடுகிறார்கள். தறியில் இருப்பதும் முதலாளியின் சரக்குதான். கொடுத்த நூல், திரும்பி வந்த துணி, கழிவு மூன்றையும், நெசவாளர் கணக்கு எழுதும் பற்று நோட்டில் நேர் செய்தால் தறியில் நிற்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இன்னொன்று: ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாகிவிட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள்.

வழியில் வரும் லோடையும் மறந்துவிடுவோம். மார்ச் 29-ல் பில் போட்டு ஏப்ரல் 2-ல் வந்து சேரும் கெமிக்கல் யாருடையது? அனுப்பியவர் வாசலில் ஏற்றியதுமே உரிமை மாறிவிடும் என்று பேசியிருந்தால் நம்முடையது. கொள்முதலில் பில்லை ஏற்றிவிட்டு இருப்பில் சேர்க்காமல் விட்டால் லாபம் காரணமில்லாமல் குறையும்.

சரி, நம்முடையதுதான். அப்புறம், எதற்காக வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். விற்பதற்கு, விற்பனைக்காக உற்பத்தியில் இருப்பது, உற்பத்தியில் செலவாகப் போவது: கணக்கியல் தரநிலை 2 சரக்கு என்று சொல்வது இந்த மூன்றைத்தான். வேலூரில் தையல் மெஷின் விற்கும் கடைக்கு அந்த மெஷின் சரக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு அது நிலையான சொத்து. வெட் ப்ளூ (குரோமில் பதனிட்டு ஈரத்தோடு நீலமாக இருக்கும் தோல்) வரை பதப்படுத்தி விற்பவருக்கு வெட் ப்ளூ முடிந்த பொருள், அதை வாங்கி ஃபினிஷ் செய்பவருக்கு மூலப்பொருள். பெயரை மட்டும் பார்த்து வகை பிரித்தால் தப்பாகிவிடும்.

விலை போடும்போது வாங்கிய விலை, வரும் வழி லாரி வாடகை, உற்பத்திக் கூலி எல்லாம் சேரும். நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள கிரெடிட் கிடைக்கும் ஜிஎஸ்டி சேராது. துறைமுகத்துக்கு அனுப்பும் செலவும், உப்பு போடாமல் விட்டு வழக்கத்துக்கு மேல் அழுகிப்போன தோலின் நஷ்டமும் சேரக் கூடாது.

அடக்க விலை, விற்றுக் கைக்கு வரக்கூடிய தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் இருப்பின் மதிப்பு. 240 ரூபாய் அடக்கமான லுங்கி சாயம் மங்கி 230-க்குத்தான் போகும், அதில் 10 ரூபாய் கமிஷன் என்றால் 220 என்று எழுத வேண்டும். 100 லுங்கிக்கு 2,000 ரூபாய் நஷ்டம் இந்த வருடக் கணக்கிலேயே வரட்டும். ஆனால் நூலுக்கு அப்படி அவசரப்பட வேண்டாம். சந்தையில் நூல் விலை இறங்கியிருந்தாலும், அதில் நெய்யும் லுங்கி அடக்க விலைக்கோ அதற்கு மேலோ விற்குமானால், இருப்பில் உள்ள நூலை வாங்கிய விலையிலேயே வைத்துக்கொள்ளலாம்.