நாய் நகக் கீறல்: டி.டி. ஊசி மட்டும் போதாது

கணுக்காலில் தெருநாயின் நகம் கீறியது. தோல் லேசாக உரிந்தது, ரத்தம் இல்லை. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேன், அதுவரை சரி. பக்கத்துக் கிளினிக்கில் போட்ட டி.டி. ஊசியை நம்பியதுதான் தப்பு. அது டெட்டனஸுக்கானது, ரேபிஸைத் (வெறிநாய்க்கடி நோயை) தடுக்காது. நாய்க்கு ரேபிஸ் இருக்கிறதா என்று பத்து நாள் கவனிக்கலாம் என்றால் மறுநாளே அதைக் காணோம்.

மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழப்பம் தீர்ந்தது. ரத்தமில்லாத கீறல் ரேபிஸ் ஆபத்தில் இரண்டாம் வகை: தடுப்பூசி வேண்டும். ரத்தம் கசிந்திருந்தால் மூன்றாம் வகை. காயத்துக்குள்ளும் சுற்றியும் இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) போடுவார்கள். எனக்குத் தடுப்பூசி மட்டும்: இரு புஜங்களிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். பலர் தவறாக எண்ணுவது இந்த 0தான்: கீறிய தேதியை விட்டுவிட்டு, முதல் ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும்.