யூரித்ரா கிராஃப்ட்: பேட்ச் போட வேண்டிய இடத்தில் குழாய் வைக்காதீர்கள்

நாய், ஆடு, கன்று எதுவானாலும் சரி, யூரித்ரா கிராஃப்ட் (சிறுநீர் வெளியேறும் பாதையைச் சரிசெய்ய வைக்கும் ஒட்டு) பழக வரும் இளம் மருத்துவர்கள் சறுக்கும் இடங்கள் மாறுவதே இல்லை. நாங்கள் சறுக்கிய அதே இடங்கள். கை கழுவுவது, ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

கிராஃப்டைக் குழாயாகச் சுருட்டுவது

பன்றிச் சிறுகுடலின் சப்மியூகோசா (சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள அடுக்கு), மாட்டின் இதய உறை, செல் நீக்கிய சிறுநீர்ப்பைச் சவ்வு எல்லாமே திசு ஏறி வளர்வதற்கான வெறும் சாரம்தான். அதன்மேல் ஏற வேண்டிய எபிதீலியம் (மேற்புறச் செல் அடுக்கு) நாயின் சொந்தச் சளிச்சவ்வு விளிம்பிலிருந்துதான் வளர்ந்து வரும். பேட்சாகத் தைத்தால் நான்கு பக்கமும் விளிம்பு இருக்கும். குழாயாகச் சுருட்டினால் இரண்டு முனைகள் மட்டுமே. நடுப்பகுதி மூடுவதற்குள் சிறுநீர் பட்டு நார்த்திசு உருவாகிச் சுருங்கிவிடும். 2008-ல் வெளியான முயல் ஆய்வில் செல் விதைக்காத குழாய்களை 0.5, 1, 2, 3 செ.மீ. நீளங்களில் வைத்துப் பார்த்தார்கள். 0.5 செ.மீ. மட்டும்தான் ஒழுங்காக ஆறியது.

இது தெரிந்தும் செய்கிறார்கள் என்பதுதான் எரிச்சல். வேறொரு இடத்தில் அறுவை செய்த ஆண் நாய் ஒன்று எங்களிடம் வந்தது. ஆண்குறி எலும்புக்குப் பின்னால் கல் சிக்கி, யூரித்ராவின் அடிப்பக்கம் அழுகியிருந்திருக்கிறது. மேல்பக்கச் சளிச்சவ்வு நன்றாக இருந்ததாக அவர்களின் குறிப்பிலேயே எழுதியிருந்தது. அந்தப் பட்டையை விட்டுவைத்துப் பேட்ச் போட்டிருக்கலாம். முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். நாய் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனது. திறந்தால் அந்த இடத்தில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு கயிறு. கடைசியில் விரைப்பை யூரித்ரோஸ்டமி (விரைப்பை இருக்கும் இடத்தில் சிறுநீர் வெளியேற நிரந்தரத் திறப்பு) செய்துதான் காப்பாற்றினோம். அந்த இடத்துக்கு அதை முதலிலேயே செய்திருந்தால் கிராஃப்டே தேவைப்பட்டிருக்காது. உரிமையாளர் இரண்டு தடவை பணம் கட்டினார், நாய் இரண்டு தடவை வலி பட்டது.

வாய்ச் சளிச்சவ்வில் கொழுப்பை விட்டுவைப்பது

வாயிலிருந்து எடுத்து வைக்கும் சளிச்சவ்வுக் கிராஃப்ட் முதல் இரண்டு நாள் அடிப்படுகையிலிருந்து ஊறும் திரவத்தில்தான் பிழைக்கிறது. இடையில் கொழுப்பு இருந்தால் அந்த ஊட்டம் தடைபடும். விரலில் விரித்து வைத்துக் கத்தரியால் பொறுமையாக நீக்குங்கள். பெறும் இடத்தில் ரத்த ஓட்டம் இல்லையென்றால் எவ்வளவு நல்ல கிராஃப்டும் நிற்காது.

இதய உறையை அலசாமல் வைப்பது

இதய உறையைப் பதப்படுத்தப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு செல்லைக் கொல்லும். சலைனை மாற்றி மாற்றி அலசுங்கள்.

தடித்த கத்தீட்டர்

வேண்டாம். சிறுநீர் வெளியேற வைக்கும் குழாய்க்கு மெல்லிய சிலிகானே போதும்.

நாய் நன்றாகச் சிறுநீர் போகிறது என்று நம்பிவிடுவது

யூரித்ரா கணிசமாகச் சுருங்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. கத்தீட்டரை எடுத்தபின் யூரித்ரோகிராம் (யூரித்ராவுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுங்கள், அப்புறம் சில வாரங்கள் கழித்து இன்னொன்று.