பழைய சி10 பிக்கப்பை வீட்டிலேயே நவீனமாக்குவது: பிரேக் முதலில், எஞ்சின் கடைசியில்

பழைய பிக்கப் டிரக் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த எஞ்சின் போடலாம்?" என்றுதான். எஞ்சினைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன். ஐம்பது வருடப் பழைய டிரம் பிரேக்கையும், சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் தேய்ந்துபோன பால் ஜாயின்ட்டையும் அப்படியே விட்டுவிட்டுப் புது எஞ்சினை ஏற்றினால் வேகம் மட்டும்தான் கூடும், வண்டி நிற்காது. அதனால் இங்கே வேலை தரையிலிருந்து மேலே போகிறது: பிரேக், முன் சஸ்பென்ஷன், பின் சஸ்பென்ஷன், அப்புறம் எஞ்சினும் கியர்பாக்ஸும். இந்த வரிசையில் இன்னொரு வசதி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் போட்டால் மாதக்கணக்கில் அது நகராது, நமக்கும் ஆர்வம் வடிந்துவிடும்.

உதாரணத்துக்கு 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி10-ஐ எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் வீட்டு கராஜில் கை பழக இதைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் எண்ணம். உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன, பெரும்பாலானவை போல்ட் போட்டுப் பூட்டுபவை, வெல்டிங் வேண்டியதில்லை. என்னுடையது 1969 மாடல். 115 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) கொண்ட குட்டைப் பெட்டி வண்டி, 307 வி8 எஞ்சின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக்.

தொடங்கும் முன்

ஜாக்கி, நான்கு ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், ஸ்பிரிங் கம்ப்ரஸர், கோணம் பார்க்கும் கருவி, ஒரு தூக்குக்குண்டு. எஞ்சின் தூக்கும் கிரேனை வாடகைக்கு எடுத்தால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அந்த ஆண்டு மாடலுக்கான தொழிற்சாலைப் பழுதுபார்ப்புக் கையேட்டை வாங்கிக்கொள்ளுங்கள், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு வாரம் முன்பே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் அடித்து வையுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் மேலே, தரையிலிருந்து மட்கார்டு வளைவு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சேஸிஸை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, விரிசலோ ஆடும் ரிவெட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் வேலை அதுதான்.

படி 1: பிரேக்

1970 மாடல் வரை இந்த வண்டிகளுக்கு நான்கு பக்கமும் டிரம் பிரேக். 1971-இல்தான் முன்பக்க டிஸ்க் பிரேக் எல்லா வண்டிக்கும் பொதுவானது. நல்ல வேளையாக, அந்தப் பிந்தைய அமைப்பு முந்தைய வண்டியிலும் உட்காரும். இதற்கான டிஸ்க் பிரேக் கிட்டை 2.5 அங்குலம் இறக்கிய ஸ்பிண்டிலோடு (முன் சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) சேர்த்தே வாங்குங்கள். இந்த ஸ்பிண்டிலில் சக்கரத்தின் அச்சு மேலே தள்ளி வைக்கப்பட்டிருக்கும். அதனால் சஸ்பென்ஷன் கோணம் எதுவும் மாறாமல் வண்டியின் முகம் மட்டும் கீழே இறங்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 1970 வரை சக்கரத்துக்கு ஆறு போல்ட், 1971 முதல் ஐந்து. முன்னால் ஐந்து போல்ட் கிட் போட்டால் பின்னாலும் அதற்கேற்ற ஆக்ஸில் ஷாஃப்ட்டும் டிரம்மும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஆறு போல்ட் கிட்டாகவே கேட்டு வாங்குங்கள். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் விட்டுவிடாதீர்கள். நான்கு டிரம்முக்காகச் செய்தது டிஸ்க்குக்குச் சரிப்படாது. முன் டிஸ்க், பின் டிரம் வண்டிக்கான மாஸ்டர் சிலிண்டரும், அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும், புது ரப்பர் ஹோஸ்களும் ஒன்றாகவே மாற வேண்டும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

படி 2: முன் சஸ்பென்ஷன்

இங்கேதான் நிதானம் வேண்டும். அழுத்தி வைக்கப்பட்ட காயில் ஸ்பிரிங் தெறித்தால் எலும்பு உடையும், உயிரும் போகலாம். முதல் தடவை செய்பவர், இதை முன்பே செய்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து வண்டியை நிறுத்துங்கள். சக்கரம், பிரேக், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீழ் ஆர்முக்கு (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கை) அடியில் ஜாக்கியைக் கொடுத்து லேசாகத் தூக்குங்கள். ஸ்பிரிங்கின் சுருளுக்குள் ஒரு சங்கிலியை நுழைத்துச் சேஸிஸோடு கட்டுங்கள். பால் ஜாயின்ட் நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுவதும் எடுக்க வேண்டாம். ஸ்பிண்டிலின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு, "டொக்" என்ற சத்தத்தோடு அது விடுபடும். நட் இன்னும் மரையில் இருப்பதால் எதுவும் பறக்காது. அப்புறம் கீழ் ஆர்மை ஜாக்கியால் தாங்கியபடி நட்டை முழுவதும் எடுத்து, ஜாக்கியை ஒவ்வொரு அங்குலமாக இறக்குங்கள். ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்து தொளதொளவென்று ஆனபிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த மேல் பால் ஜாயின்ட் ரிவெட் அடித்தது. அதைத் துளையிட்டு எடுப்பது சலிப்பான வேலை. பால் ஜாயின்ட்டும், ஆர்ம் சேஸிஸில் அசையும் இடத்திலுள்ள புஷ்ஷும் ஏற்கெனவே பூட்டி வரும் புது ஆர்ம்களை வாங்குவதே ஆரம்பக்காரருக்கு நல்லது. இந்த இடத்தில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ரப்பர் புஷ் கொண்ட ஆர்ம் என்றால், வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அது தன் உயரத்தில் உட்கார்ந்தபிறகே புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

முடிந்ததும் வீல் அலைன்மென்ட். பழைய கையேட்டு அளவுகள் அந்தக் காலத்து டயருக்கானவை. இப்போதுள்ள ரேடியல் டயருக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் 3 முதல் 5 டிகிரி பாஸிட்டிவ் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) கேளுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி தானாக நேரே பிடித்துப் போவதற்கு இதுதான் காரணம்.

படி 3: பின் சஸ்பென்ஷன்

சி10-இன் பின்பக்கம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மற்ற பிக்கப்கள் லீஃப் ஸ்பிரிங்கில் குதித்துக்கொண்டிருந்த காலத்தில், செவ்ரோலே ஆக்ஸிலிலிருந்து முன்னோக்கிச் சேஸிஸுக்குப் போகும் இரண்டு நீண்ட டிரெய்லிங் ஆர்மும் காயில் ஸ்பிரிங்கும் கொடுத்தது. லீஃப் ஸ்பிரிங் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்களின் பின் சஸ்பென்ஷன் இந்த அமைப்பிலிருந்து வந்ததுதான். "டிரக் ஆர்ம்" என்ற பெயரிலேயே அது பல பத்தாண்டுகள் ஓடியது, நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் பந்தயத்தில் 2022-இல் புதுத் தலைமுறைக் கார் வந்தபோதுதான் விடைபெற்றது. ஆகவே இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு எதையும் வெல்ட் செய்ய வேண்டாம். இருப்பதையே சீராக்கினால் போதும்.

குறை பான்ஹார்ட் ராடில் இருக்கிறது. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் அந்தக் கம்பி தொழிற்சாலையிலிருந்து குட்டையாகவே வந்தது. குட்டைக் கம்பி வரையும் வட்டமும் சிறியது. அதனால் ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும்போதெல்லாம் பக்கத்துக்கும் இழுபடும், வண்டியை இறக்கினால் இது இன்னும் கூடும். நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய, நீண்ட பான்ஹார்ட் ராட் போடுங்கள். வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது அந்த ராட் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். சேஸிஸின் இரு பக்கமும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு டயர் வரை அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை ராடைத் திருகுங்கள்.

உயரத்துக்கு 4 அங்குலம் இறக்கிய ஸ்பிரிங் போட்டேன். முன்னால் 2.5, பின்னால் 4 என்பது சமமாகத் தெரியாது, ஆனால் இந்த வண்டிகள் சுமைக்காகப் பின்புறம் தூக்கியே நிற்பவை, இறக்கியபின்தான் மட்டமாகின்றன. கூடவே ஷாக் அப்சார்பரின் பிடிப்பை இடம் மாற்றும் பிராக்கெட்டும், ஆக்ஸில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் குட்டையான பம்ப் ஸ்டாப்பும் வேண்டும். இன்னும் கீழே இறக்க ஆசைப்பட்டால் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸை வெட்டி வலுப்படுத்த வேண்டியிருக்கும். முதல் வண்டியில் அது வேண்டாம்.

இந்த இடத்தில் நிறுத்தி, சில வாரம் பழைய எஞ்சினோடு ஓட்டுங்கள். சத்தம், கசிவு, தளர்வு எல்லாம் வெளியே வரட்டும்.

படி 4: எஞ்சினும் கியர்பாக்ஸும்

நான் தேர்ந்தெடுத்தது எல்எம்7 என்ற 5.3 லிட்டர் வி8. 1999 முதல் 2007 வரை செவ்ரோலே, ஜிஎம்சி டிரக்குகளில் வந்தது, ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் தேடிப்பிடிப்பது எளிது. வண்டியின் அடையாள எண்ணில் எட்டாவது எழுத்து "டி" (T) என்றால் அது எல்எம்7. எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். வயரிங், கம்ப்யூட்டர், 4எல்60இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்தால் பாதி தலைவலி குறையும். ஆக்ஸிலரேட்டர் கேபிளில் ஓடுகிறதா, மின்சாரத்திலா என்று பாருங்கள். மின்சாரம் என்றால் பெடலும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்தே வர வேண்டும்.

பழைய மவுண்ட்டில் இதை உட்கார வைக்க அடாப்டர் தகடுகள் கிடைக்கின்றன. டிரக்கின் ஆயில் பான் ஆழமானது, இறக்கிய வண்டியில் கிராஸ் மெம்பருக்கு (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) கீழே தொங்கிச் சாலையில் இடிபடும். ஆழம் குறைந்த பானுக்கு மாற்றுங்கள். அதைத் திறக்கும்போதே ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். சில ரூபாய் பெறுமான அந்த வளையம் வெடித்திருந்தால் ஆயில் அழுத்தமே வராது. ஹெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் நீராவிக் குழாயை அடைத்துவிடாமல் ரேடியேட்டரின் மேல்பகுதிக்குக் கொண்டுபோங்கள்.

பழைய மூன்று கியர் பெட்டியையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 28 அங்குல டயர், 3.73 ஆக்ஸில் (புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்றால், மணிக்கு 70 மைல் வேகத்தில் பழைய பெட்டியில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,130 சுற்று சுற்றும். 4எல்60இ-இன் நான்காவது கியர் 0.70 என்பதால் அதே வேகத்துக்குச் சுமார் 2,190 போதும்.

படி 5: பெட்ரோல் டாங்க்

இந்த வண்டிகளில் டாங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போக எனக்கு மனம் வரவில்லை. பின்பெட்டிக்கு அடியில், சேஸிஸின் இரு சட்டங்களுக்கு நடுவே பொருந்தும் டாங்க் கிடைக்கிறது. உள்ளேயே பம்ப் இருப்பதை வாங்குங்கள். கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும். இந்த எஞ்சினுக்கு 58 வேண்டும், எனவே பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. 1999-2003 கார்வெட்டின் ஃபில்டருக்குள்ளேயே 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் இருக்கிறது. அதை டாங்குக்குப் பக்கத்தில் வைத்தால் எஞ்சின் வரை ஒரே ஒரு லைன் போதும்.

படி 6: வயரிங்

பயப்பட வேண்டாம். தனியாக ஓடும்படி சுருக்கப்பட்ட வயரிங் வாங்கினால், எப்போதும் வரும் 12 வோல்ட், சாவி போட்டால் வரும் 12 வோல்ட், பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, எர்த் என்று வேலை அடங்கிவிடும். சாவி மின்சாரம் ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் அறுந்துபோகாத முனையிலிருந்து எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ள திருட்டுத் தடுப்பை முன்கூட்டியே நீக்கிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் எஞ்சின் உயிர்பெற்ற சில நொடியில் அணையும். எர்த் பட்டைகளை எஞ்சினிலிருந்து பேட்டரிக்கும் சேஸிஸுக்கும், கேபினிலிருந்து சேஸிஸுக்கும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

படி 7: புரொப்பல்லர் ஷாஃப்ட்

கியர்பாக்ஸின் நீளம் மாறுவதால் ஷாஃப்ட்டும் மாறும். நான் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தபோது அளந்து கொடுத்துவிட்டேன். வண்டி கீழே இறங்கியதும் அளவு தவறியது, ஷாஃப்ட்டைத் திரும்பவும் வெட்ட வேண்டியதாயிற்று. ஆக்ஸில் மேல் வண்டியின் பாரம் முழுவதும் இருக்கும்போது அளங்கள். கியர்பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்ட்டின் முன்முனையான ஸ்லிப் யோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, அங்கிருந்து முக்கால் முதல் ஒரு அங்குலம் வெளியே இழுத்து அந்த நிலையில் அளவு எடுங்கள்.

கோணமும் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி சரிந்தால், ஆக்ஸிலின் பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) அதே 3 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். இரண்டும் இணையாக இல்லையென்றால் 60 மைலுக்கு மேல் தரை அதிரும். ஆர்முக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, ஆயில் மீட்டர் ஏறும்வரை விட்டுவிட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். அப்புறம் ரிலேயைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி எரிபொருள் இணைப்புகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதல் நூறு மைல் ஓடியதும் ஆர்ம், பான்ஹார்ட் ராட், யு-ஜாயின்ட், சக்கரம் என எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். என் வண்டியில் அப்படிப் பார்த்தபோது பான்ஹார்ட் ராடின் லாக் நட் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது.