கொடைக்கானல் குளிரில் வேனுக்குள் தூங்க

மார்கழி, தை மாதங்களில் மதுரையிலிருந்து வேனில் கொடைக்கானல் போய் வண்டிக்குள்ளேயே படுப்பவர்கள், போர்வையைக் கூட்டுவதைவிடக் கீழே விரிப்பதைக் கூட்டுங்கள். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கிடைக்கும் காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டடுக்காகப் போட்டு, மேலே கோரைப்பாயும் ஜமுக்காளமும் விரித்தால் போதும்.

வண்டித் தரை இரும்புத் தகடு. உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அட்டையின் நெளிவுகளுக்குள் அடைபட்ட காற்று அதைத் தடுக்கிறது. மிச்ச அட்டையைக் கண்ணாடிகளின் அளவுக்கு வெட்டிச் செருகிவிடுங்கள். கால்மாட்டில் சுடுதண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைக்கலாம். பிளாஸ்க் உதவாது, அது சூட்டை வெளியே விட்டால்தானே!

சீட்டைச் சாய்த்து அதன் மேலேயே படுப்பவர்களுக்கு அடியில் அட்டை வேண்டியதில்லை, ஸ்பாஞ்சே போதும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பாட்டில் வேண்டாம், சுட்டாலும் தெரியாது, சொல்லவும் வராது.

எவ்வளவு குளிரினாலும் உள்ளே கரி அடுப்போ கேஸ் அடுப்போ மூட்டாதீர்கள், இன்ஜினை ஓடவிட்டும் தூங்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. ஜன்னல் இரண்டு விரல் திறந்தே இருக்கட்டும்; மூச்சுக்காற்றின் ஈரம் கூரையில் கோத்து விடியற்காலையில் முகத்தில் சொட்டாது.